முருகாயி கிணற்றில் கலர்

கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்திருந்தேன். சட்டைப் பையில் இருந்த பேனா ஏற்கெனவே உள்ளே விழுந்துவிட்டது. வலது கையில் அளவு நாடா. அதன் நுனியில் ஓர் இரும்புக் குண்டு. குண்டு தண்ணீரைத் தொட்டதும் 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வரும். வந்ததும் நான் கத்த வேண்டும். எனக்குக் கொடுத்திருந்த வேலை அவ்வளவுதான்.

சத்தம் வந்தது. கத்தினேன்.

பக்கத்தில் நின்ற வசந்தி மேடம் நாடாவில் அளவைப் பார்த்தார். நோட்டைப் புரட்டிப் போன மாதத்து அளவைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை விடுங்க சார்."

விட்டேன். ப்ளக். அதே அளவு. மூன்று மாதமாக அதே அளவு. ஒரு விரற்கடை ஏறவில்லை, இறங்கவில்லை. சித்திரை வெயிலில் சுற்றியிருந்த கிணறெல்லாம் மாதத்துக்கு ஓர் ஆள் ஆழம் இறங்கிக்கொண்டிருக்க, இது மட்டும் அசையாமல் நின்றது.

எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த நான்கு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானத்தில் ஒன்றுமில்லை.

இருபது வருடம் பத்திரிகையில் குப்பை கொட்டியவனுக்கு, நான்கு பேர் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தால் விஷயம் தரையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அன்று எனக்குத் தெரியவில்லை.

கிணறு ஊறவில்லை

பத்திரிகை மேஜையிலிருந்து கிணற்று மேட்டுக்கு எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் நான் வேலை பார்த்த பதிப்பில் பக்கங்கள் குறைந்துகொண்டே வந்தன. பக்கம் குறைந்தால் ஆளும் குறைய வேண்டும் அல்லவா? அந்தச் சமயத்தில் பழனியில் ஓர் ஆய்வுக் குழு, தமிழ் எழுதத் தெரிந்த ஆள் தேடிக்கொண்டிருந்தது. கொடைக்கானல் மலையின் வடசரிவில் இறங்கிப் பழனி வட்டாரத்தின் வறண்ட பூமியில் ஓடும் ஆற்றுப் படுகை முழுவதும் கிணறுகளை மாதம் ஒருமுறை அளப்பது, நிலத்தடி நீர் எவ்வளவு இருக்கிறது என்று வரைபடம் போடுவது, அதை விவசாயிகளுக்குப் புரிகிற மாதிரி அறிக்கையாக எழுதுவது. கடைசி வேலை என்னுடையது.

அலுவலகம் அடிவாரத்தில், பஞ்சாமிர்தக் கடைக்கு மேல் மாடியில். எங்கள் அறிக்கைகள் எல்லாவற்றிலும் வாழைப்பழமும் ஏலக்காயும் மணக்கும்.

முதல் நாள் என்னிடம் கொடுத்த வரைவில், 'நீர்கொள் படுகைகளின் மீள்நிரப்புத் திறனில் குறைபாடு காணப்படுகிறது' என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்துவிட்டு 'கிணறு ஊறவில்லை' என்று எழுதினேன்.

குழுவின் தலைவர் வசந்தி மேடம். நிலத்தடி நீரும் பாறையும் படித்தவர். சென்னைக்காரர். நான் திருத்தியதைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ நாங்க எதுக்கு சார் பிஎச்.டி. பண்ணோம்?"

அன்றிலிருந்து எங்களுக்குள் நல்ல பழக்கம்.

பாறைக்குள் ஏரி இல்லை

போன வாரம் எங்கள் அறிக்கையைப் படித்த ஒருவர், 'தலைக்கு மேலே அவ்வளவு பெரிய மலையும் அருவியும் இருக்கும்போது அடியில் கிணறு எப்படி வற்றும்?' என்று கேட்டு எழுதியிருந்தார். நானும் மேடத்திடம் இதையே கேட்டவன்தான்.

மேற்கே இருந்து வருகிற மழையை மலை நிறுத்தி வைத்துக்கொள்கிறது. மலை மேல் வட்டக்கானலில் துணி காயாமல் நாறுகிற அதே வாரம், கீழே எங்கள் கிராமங்களில் புழுதி பறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வருகிற மழைதான் சமவெளிக்குச் சொந்தம். அதுவும் ஒரு வருடம் வரும், இரண்டு வருடம் மறந்துவிடும்.

வருகிற மழையும் தங்குவதற்கு இடமில்லை. நான்கு முழம் தோண்டினால் சுக்கான் கல், அதற்குக் கீழே உளுத்த பாறை, அதற்குக் கீழே கடப்பாரை துள்ளித் திரும்பி வருகிற பாறை. உளுத்த பகுதியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதற்குக் கீழே பாறையில் வெடிப்பு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"எல்லாரும் கீழ ஏதோ ஏரி இருக்குன்னு நெனச்சுக்கிறாங்க. அங்க இருக்கிறது சுவர்ல விழுந்த விரிசல் சார். விரிசல்ல எவ்வளவு தண்ணி நிக்கும்?" என்றார் மேடம்.

ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி வந்தால் ஊரே கூடி நிற்கும். தண்ணீர் இல்லாவிட்டால் குழியிலிருந்து கல்மாவு புகை மாதிரி கிளம்பும். யாரும் 'தோல்வி' என்று சொல்ல மாட்டார்கள். 'புகைதான் வந்துச்சு' என்பார்கள். ஒரு வீட்டில் புகை வந்தது என்றால் ஒரு வாரத்துக்கு அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

எங்கள் வரைபடத்தில் மூன்று நிறம். தண்ணீர் போதுமான ஊர் பச்சை. கவனமாக இருக்க வேண்டிய ஊர் மஞ்சள். ஊறுவதைவிட அதிகமாக இறைக்கிற ஊர் சிவப்பு. இந்த மூன்று நிறத்தில்தான் வினையே இருந்தது.

அக்கா பச்சை, தம்பி சிவப்பு

நான் குப்புறப் படுத்த கிணறு இருக்கிற ஊரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அந்த ஊரில் இனி யார் எதை அளந்தாலும் நம்ப மாட்டார்கள். மலையடிவாரத்தில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிணறு முருகாயிக்கும் அவர் தம்பி செல்லத்துரைக்கும் பொது. அப்பா இருவருக்கும் ஆளுக்குப் பாதியாக எழுதி வைத்தது. ஒரு நாள் அக்கா முறை, மறுநாள் தம்பி முறை. கோடையில் கிணற்றின் அடிப்பாறையில் ஒரு மூலைக் குழியில் மட்டும் தண்ணீர் கிடக்கும். இரண்டு மாட்டுவண்டியை இறக்கி நிறுத்தலாம், அந்த அளவுக் குழி.

முருகாயிக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் வட்டக்கானலில் ஒரு விடுதியில் சமையல்காரர், மாதம் ஒருமுறை இறங்கி வருவார். வயலை முருகாயிதான் பார்த்தார். ஓர் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் தொண்ணூறு சொச்சம் கொய்யா மரம். நட்டு மூன்று வருடம். அந்தக் கோடையைத் தாண்டிவிட்டால் முதல் முழுக் காய்ப்பு. தாண்டுவதற்குத் தண்ணீர் இல்லை. ஆழ்துளைக் கிணற்றுக்கும் மோட்டார் இணைப்புக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஊர் சிவப்பு என்று எங்கள் வரைபடத்தில் வந்தால் அந்த மனு திரும்பிவிடும். ஆகவே ஊர் பச்சையாக வேண்டும்.

செல்லத்துரைக்கு ஓடையை ஒட்டித் தென்னை. கெடுபிடி வருவதற்கு முன்பே போட்ட ஆழ்துளைக் கிணறு ஒன்று அவருக்கு இருந்தது, ஆனால் அது இறங்கிக்கொண்டே வந்தது. ஓடையில் தடுப்பணை கட்டினால்தான் பிழைக்கும். தடுப்பணை சிவப்பு ஊர்களுக்குத்தான் முதலில் வரும். ஆகவே ஊர் சிவப்பாக வேண்டும்.

சுற்று வட்டாரத்தில் மற்ற கிணறெல்லாம் தெளிவாக இறங்கிக்கொண்டிருந்தன. இந்த ஊருக்கு நாங்கள் அளந்தது இந்த ஒரு கிணற்றைத்தான்; ஊரின் நிறம் இதைப் பொறுத்தது. இது அக்காவுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

அவர்கள் பேச்சை நான் முதலில் கேட்டது இப்படி:

"ஏலே, இன்னைக்கு எம் முறை. வாளியைத் தூக்கிட்டு எங்க வார?"

"கை கழுவத்தான் வந்தேன்."

"கை கழுவ இம்புட்டுப் பெரிய வாளியா? யானையவா கழுவப் போற?"

"அக்கா, நீ வர வர தண்ணியில மொகம் பாத்தாக்கூட கணக்குக் கேப்ப போல."

"உம் மொகத்தப் பாத்துத்தான் தண்ணி கீழ எறங்குது. தள்ளி நில்லு."

அதிசயக் கிணறு

மேடத்திடம் பேனா மாதிரி ஒரு கருவி உண்டு. தண்ணீரில் முக்கினால் உப்பு எவ்வளவு என்று காட்டும். முருகாயி கிணறு உப்புத் தண்ணீர்க் கிணறு. வாயில் வைத்தால் நாக்கு ஒட்டும். முதல் மாதம் கருவி அப்படித்தான் காட்டியது. இரண்டாம் மாதம் உப்பு குறைந்தது. மூன்றாம் மாதம் பாதிக்குப் பாதி. மட்டமும் இறங்கவில்லை, உப்பும் குறைகிறது.

எனக்கு ரத்தம் சூடானது. பழைய புத்தி. மலைத் தண்ணீர் ஏதோ ஒரு பாறை வெடிப்பு வழியாக நேராக இந்தக் கிணற்றுக்கு வந்து சேருகிறது என்று நானே முடிவு செய்தேன். மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய நண்பர் ஒருவரின் ஞாயிறு இணைப்புக்கு எழுதி அனுப்பினேன். தலைப்பு: 'வறண்ட பூமியில் வற்றாத கிணறு'. துணைத் தலைப்பு: 'மலை அனுப்பும் ரகசிய ஊற்று'.

அடுத்தவர் எழுதியிருந்தால் அந்தத் துணைத் தலைப்பை நானே வெட்டியிருப்பேன்.

அது வெளிவந்த வாரம், பழனிக்கு வந்த ஒரு வேன் வழிமாறி முருகாயி கிணற்றுக்கு வந்தது. இறங்கியவர்கள் மேட்டில் சூடம் ஏற்றினார்கள். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். முருகாயி ஏனோ அவர்கள் முகத்தைப் பார்க்காமல் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டே இருந்தாராம். இதை எனக்குச் சொன்னவர் ஊர் டீக்கடைக்காரர் காதர் பாய்.

"நீங்க எழுதுனீங்கன்னாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. படிக்கையில எனக்கே ஒரு சொம்பு குடிக்கணும் போல இருந்துச்சு" என்றார். சிரிக்கவில்லை. பிறகு உள்ளே போய்ச் சிரித்தார்.

மேடமும் படித்தார். "நாளைக்குக் கவுஞ்சி போறோம். ஸ்வெட்டர் எடுத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

ரெண்டு பாட்டில்

கவுஞ்சி, கொடைக்கானல் மலையின் மேல்தளத்தில் இருக்கிற ஊர். படிப்படியாக இறங்குகிற வயல்கள். கேரட், உருளை, பூண்டு. காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி வயலுக்கு மேலே இடுப்பளவுக்கு நின்றது. பாறைகளுக்கு நடுவே ஓர் ஓடை. அதில் ஒருவர் கேரட் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன சோலியா வந்தீங்க?"

"இந்தத் தண்ணி கீழ பழனிப் பக்கம் போகுதான்னு பாக்க வந்தோம்" என்றேன்.

"போகும் போகும். நாங்க விட்டாத்தான?" என்றார் அவர், கையிலிருந்த கேரட்டை உதறிக்கொண்டே.

ஓடைத் தண்ணீரில் சாயம் கலந்துவிட்டு, அது எங்கே வெளிவருகிறது என்று பார்ப்பது இந்தத் தொழிலில் உள்ள வழக்கம். மேடம் அதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்க் எடுத்தார். மூடியைத் திறந்தார். ஆவி பறந்தது. மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார். இஞ்சி டீ.

"சாயம்?"

"சாயம் எதுவும் கொண்டுவரலை."

பாறையில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார். இங்கே ஊற்றுகிற சாயம் பாறை வெடிப்பு வழியாகக் கீழே போவதானால் வருடக்கணக்கு ஆகும், போனால். மட்டம் மூன்று மாதம் அசையாமல் நிற்பது பாறையின் குணம் அல்ல, மனிதர்களின் குணம். அப்புறம் கடைசியாக:

"அந்தத் தண்ணிய மோந்து பாத்தீங்களா சார்? லேசா ப்ளீச்சிங் பவுடர் வாசனை. பாறைக்குள்ள ப்ளீச்சிங் பவுடர் போடுறது யாரு?"

ஞாயிறு இணைப்பு என் கண் முன்னால் வந்தது. துணைத் தலைப்பு கொஞ்சம் பெரிய எழுத்தில் வந்தது.

பிறகு அவர் கைப்பேசியை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, முருகாயியை அழைத்தார்.

"முருகாயி அம்மா, நாங்க மலை மேல கவுஞ்சியில இருக்கோம். இங்க ஓடையில ரெண்டு பாட்டில் கலர் ஊத்தியாச்சு. அது உங்க கிணத்துல வந்துதுன்னா, தண்ணி மலையில இருந்துதான் வருதுன்னு நாங்க ஒத்துக்கறோம்."

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது.

"கலருங்களா மேடம்?"

"ஆமா, கலர்தான்."

"என்ன கலருங்க மேடம்?"

"அதைச் சொல்லக் கூடாது."

"சரிங்க மேடம். ரெண்டு பாட்டில் காணுங்களா?"

"தாராளமா."

கைப்பேசியை வைத்த மேடத்தின் முகத்தில் பொறி வைத்தவரின் திருப்தி. சாயப் பொடியோ, சுண்ணாம்போ, ஏதோ ஒன்று அந்தக் கிணற்றில் விழும். விழுந்தால் குட்டு உடையும்.

எனக்குத்தான் வேறொன்று தோன்றியது. மதுரை, திண்டுக்கல் பக்கத்தில் 'ரெண்டு பாட்டில் கலர்' என்றால் அர்த்தம் ஒன்றுதான். வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால் ஓடிப்போய் வாங்கி வருவது. ஆரஞ்சு நிறத்தில், பொங்குகிற மாதிரி, கண்ணாடிப் பாட்டிலில். கலர் என்றால் குடிக்கிற கலர்.

சென்னைக்காரரான மேடத்துக்கு இது தெரியாது. சொல்லியிருக்கலாம். செய்தியாளன் நடக்கிற காரியத்தில் குறுக்கிடக் கூடாது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில், என்ன நடக்கிறது பார்ப்போம் என்ற அல்ப ஆசை.

காணாமல் போன ஒன்று

நான்காம் நாள் காலை கிணற்றுக்குப் போனோம்.

மேட்டில் எறும்பு. விளிம்புக் கல்லில் எறும்பு. உள்ளே இறங்கும் கல்படிகளில் சாரை சாரையாக எறும்பு. கல்லெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் மாதிரி ஒரு வாசனை.

தண்ணீரில் எந்த நிறமும் இல்லை.

முருகாயி குளித்து, திருநீறு பூசி, தயாராக நின்றார். அருகில் காதர் பாய், காலிப் பாட்டில்கள் அடுக்கிய இரண்டு பெட்டிகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். பாட்டில்களைத் திரும்ப எடுத்துப்போக வந்தவர்.

"இது என்ன பாய்?" என்று மேடம் கேட்டார்.

"கலருங்க மேடம். மொதல்ல ரெண்டு பாட்டில்தான் கேட்டாங்க. அப்புறம் தெரியலன்னு வந்து ரெண்டு பெட்டியும் எடுத்துட்டுப் போனாங்க. என்ன விசேஷம்னு கேட்டேன், வெரசா குடுங்க பாய்னு சத்தம் போட்டாங்க. ஆனா ஒரு பாட்டில் கொறையுது."

மேடம் முருகாயியைப் பார்த்தார். முருகாயி வானத்தைப் பார்த்தார்.

"முருகாயி அம்மா, கிணத்துல போய் ஆரஞ்சு ஜூஸ் ஊத்துனீங்களா?"

"நீங்கதான மேடம் சொன்னீங்க, மேல கலர் ஊத்துனோம்னு? அப்பவே நெனச்சேன், எதுக்குத்தான் இந்தச் சின்னப் புள்ளைக குடிக்கிறதப் போயி ஊத்துறாங்கன்னு. படிச்சவங்க காரணமில்லாமச் செய்ய மாட்டாங்கன்னு விட்டுட்டேன். புது லாரிக்கே எலுமிச்சம்பழம் வைக்கிறோம்."

"நாங்க மேல எதுவுமே ஊத்தலை. உக்காந்து டீதான் குடிச்சோம்."

முருகாயி ஒரு நிமிடம் யோசித்தார்.

"அப்ப டீயத்தான் ஊத்தியிருக்கணுமோ?"

காதர் பாய் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மேடம் சிரிக்கவில்லை. அவர் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரிசை மட்டும் கிணற்றை விட்டுப் பிரிந்து மேற்கே போனது. பாறையில் வெடிப்பைத் தொடர்ந்து போகிற மாதிரி மேடம் குனிந்தபடியே அதைத் தொடர்ந்தார். நாங்கள் எல்லோரும் அவர் பின்னால்.

வரிசை செல்லத்துரையின் தென்னந்தோப்பில் ஒரு மட்டைக் குவியலுக்குள் போய் நுழைந்தது. மட்டைகளை விலக்கினால் ஆயில் எஞ்சின். தொட்டால் இன்னும் சூடு. பக்கத்தில் காதர் பாயின் காணாமல் போன பாட்டில், காலியாக. வாய்க்காலில் ஈரம்.

செல்லத்துரை தென்னை மரத்துக்குப் பின்னால்தான் நின்றார். தென்னைக்குப் பின்னால் மறைகிற உடம்பு அல்ல அவருக்கு.

"மேட்டுல சும்மா கெடந்துச்சு. தாகமா இருந்துச்சுன்னு குடிச்சேன்" என்றார்.

"பாட்டில விடுங்க. எஞ்சின் எதுக்கு?"

அதற்குள் முருகாயிக்குப் புரிந்துவிட்டது.

"ஏலே! நான் வெள்ளனே எந்திரிச்சு, ஊர்க் கொழாய்த் தண்ணிய விடியிற வரைக்கும் கெணத்துல விட்டுட்டு மாடு பாக்கப் போவேன். நீ பின்னாடியே வந்து எறைச்சு வெளிய விட்டிருக்க!"

"நீ விட்டது எனக்கு என்னக்கா தெரியும்? நான் எறைக்க எறைக்க கெணறு கொறையவே இல்ல. எனக்குல்ல குலை நடுங்கிப்போச்சு! தெய்வக் குத்தம்னு முனியப்பனுக்குக் கெடா நேந்துட்டு வந்துருக்கேன்."

"அந்தக் கெடா உன்னைய முட்டட்டும்!"

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல்: "அதான் அளக்க வர்ற வாரமெல்லாம் எங்க கொழாயில காத்தா வந்துச்சா!"

அக்கா ஊற்றியதும் தம்பி இறைத்ததும் மூன்று மாதமாகச் சரிக்குச் சரியாக இருந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் வெளியே போய்க் குழாய்த் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. வற்றாத கிணற்றின் ரகசிய ஊற்று ஒரு பச்சை ரப்பர் குழாய்.

மேடம் நோட்டைப் பிரித்து, அந்தக் கிணற்றின் மூன்று மாத அளவுகள் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

ஒரு குடம்

"குழியை முழுசா எறைச்சு விடுங்க. அப்புறம் ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. இன்னைக்குக் கிணறு மட்டும் வேலை செய்யட்டும்" என்றார் மேடம்.

செல்லத்துரை எஞ்சினை இழுத்து வந்து இறைத்தார். குழி வறண்டது. அடியில் என் பேனா கிடந்தது. மேடமும் நானும் முருகாயியும் படியில் இறங்கினோம். உள்ளே வெயில் இல்லை. சுவர்ப் பாறை முழுக்க உலர்ந்திருந்தது. தெற்குச் சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு வெடிப்பு. அதிலிருந்து நூல் மாதிரி தண்ணீர். வேறு எங்கும் ஒரு சொட்டு இல்லை.

நான் விரலில் தொட்டு வாயில் வைத்தேன். உப்பு.

மேடம் முருகாயியின் குடத்தை வாங்கி வெடிப்புக்குக் கீழே வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலே பேச்சு அடங்கியது. குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் முதலில் வெண்கலம் மாதிரி கேட்டது, பிறகு மெல்ல மெல்லக் கம்மியது. நடுவில் ஒருமுறை முருகாயி குனிந்து, ஓரத்தில் வழிந்த ஒரு சொட்டுக்காகக் குடத்தைப் பாறையோடு ஒட்டி நகர்த்தினார்.

நிறைய ஒன்பது நிமிடம் ஆனது.

"இவ்வளவுதானா மேடம்?"

"இவ்வளவுதான்மா. ஊர் சிவப்புதான்."

"எம் மனு?"

"திரும்பி வந்துடும்."

மேலே செல்லத்துரையின் தலை தெரிந்தது. அவர் கேட்டது கிடைத்துவிட்டது. முகத்தைப் பார்த்தால் ஏதோ தொலைத்தவர் மாதிரி இருந்தது.

"மஞ்சள்னு போட முடியாதுங்களா மேடம்?" என்றார் அங்கிருந்தே.

"நீ வாய மூடு. கெணறு சொன்னதத்தான் எழுதுவாங்க" என்றார் முருகாயி. பிறகு மேடத்திடம் திரும்பினார். "இந்த ஊத்துக்கு எத்தன மரம் பொழைக்கும்? அதச் சொல்லுங்க."

மேடம் இதை எதிர்பார்க்கவில்லை. மூன்று வருடக் கொய்யாவுக்குக் கோடையில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் என்று முருகாயி சொல்ல, நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தார்.

"உங்க முறைத் தண்ணிய மட்டும் எடுத்தா முப்பது மரம்."

முருகாயி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

"முறை என்ன முறை" என்றது மேலேயிருந்து குரல். "கெணறு முழுசுக்கும் போடுங்க மேடம்."

"அப்போ உங்களுக்கு?"

"எனக்குத்தான் போர் இருக்குல்ல. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

முருகாயி நிமிர்ந்து பார்க்கவில்லை. குடத்திலிருந்து ஒரு கை தண்ணீர் எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டார்.

"முழுசுக்கும்னா அறுபது" என்றார் மேடம்.

"அறுபத்தஞ்சா வச்சுக்குங்க."

"இது சந்தை இல்லம்மா. பாறை."

"பாறையோட நீங்கதான மேடம் பேசுறீங்க? கொஞ்சம் எடுத்துச் சொல்லிப் பாருங்க."

அன்றைக்கு முதல்முறையாக மேடம் சிரித்தார்.

மதியம் முருகாயி ஒரு பழைய சேலையைக் கிழித்துக்கொண்டு தோப்புக்குள் போனார். தண்ணீர் விடப்போகும் மரங்களுக்கு ஒவ்வொன்றாகத் துணி கட்டினார். சில மரங்களின் முன்னால் நின்று யோசித்தார். சிலவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார். செல்லத்துரை கிழிசல்களைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

"அக்கா, இது நல்ல மரம். பிஞ்சு இருக்கு பாரு."

"எல்லாத்துலயுந்தான் இருக்கு. பேசாம வா."

துணி கட்டிய மரங்களை நான் எண்ணினேன். அறுபத்திரண்டு. வரப்பில் நின்று மேடமும் எண்ணிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. நோட்டைத் திறந்து, அறுபது என்று எழுதி மூடினார்.

மேல் வரிசைகளில் துணி கட்டியிருந்தது. கீழே முப்பது மரம் துணியில்லாமல், வீட்டுக்குப் போகிற பாதையின் இரண்டு பக்கமும், பிஞ்சோடு நின்றன. முருகாயி மிச்சத் துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, பாதையை விட்டு ஓடைப்பக்க வரப்பில் ஏறினார்.

"ஏக்கா, அது சுத்து வழில்ல?"

"எனக்குத் தெரியும். நீ உஞ் சோலியப் பாரு."

அந்த வரப்பு வழியாக வீட்டுக்குப் போக இரண்டு மடங்கு நேரம் ஆகும். அவர் போனார்.